இரண்டாவது ரிமோட்டில் எழுதியிருந்த பெயர்

எங்கள் வீட்டு டிவி மேசையின் இழுப்பறையில் மெழுகுவர்த்தி, கரண்ட் பில், தேய்ந்த பேட்டரி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ரிமோட் கிடக்கிறது. சேனல் மாற்றுகிற ரிமோட் இல்லை. டிவி கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருவார்களே, அது. சாம்பல் நிறம். இடது பக்கம் கூட்டல் குறி போல ஒரு பொத்தான், வலது பக்கம் கட்டைவிரலுக்கு இரண்டு வட்டப் பொத்தான்கள். வயரைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். நடுவில், பொட்டு வைத்தது போல, சிவப்பு நகப்பாலிஷால் ஆங்கில ஜே எழுத்து, பக்கத்தில் இரண்டு என்ற எண். பொருள் பழசு, பாலிஷ் மட்டும் பளிச்சென்று இருக்கும். அதைச் செருகி ஆடுகிற பெட்டி எங்கள் வீட்டை விட்டுப் போய் வெகு காலம் ஆகிறது. ஆனாலும் இந்த ரிமோட்டை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஒரு காலத்தில் இதைக் கையால் தொடவே மாட்டேன் என்று இருந்தவள்தான்.

முதன்முதலில் இதில் அந்த எழுத்தை எழுதியவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று உட்கார்ந்தால் பாசமாக நாலு வார்த்தை வருவதற்கு முன்னால் வயிற்றில் ஒரு சின்ன எரிச்சல் வருகிறது. கல்யாணத்துக்கு முன்பு நான் தவளக்குப்பத்தில் கடலூர் ரோட்டு ஓரமாக ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு சரி. மிச்சம் படித்ததெல்லாம் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து காதால் படித்தது. ஜனங்கள் போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் மனதில் இருக்கும் நல்ல வார்த்தையை எடுப்பார்கள். பிரான்சில் இருக்கும் மகனிடம் ஒரு அம்மா, “நீ வராட்டியும் பரவால்ல, உங் கொரலு எளைக்காம பாத்துக்க” என்று சொல்லிவிட்டு வைத்தார். இன்னொரு பெண் தன் ஓரகத்தியைப் பற்றி யாரிடமோ அரை மணி நேரம் பொருமிவிட்டு, கடைசியில், “பொறாமல்லாம் இல்லடி. எனக்குக் கெடைக்காதத கண்ணு எண்ணிக்கிட்டே இருக்குது, அவ்ளோதான்” என்றாள். கேட்டபோது சிரித்தேன். அந்த வாக்கியம் எனக்கே சீதனமாக வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

நெல்லித்தோப்பில் நான் வாழப்போன வீட்டை அக்கம்பக்கத்தில் சொல்தா வீடு என்பார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்று சொல்வது வழக்கம். என் மாமனார் அப்படிப்பட்டவர். நான் போனபோது அவர் சுவரில் படமாகத்தான் இருந்தார். ஆனால் அவர் போட்ட குறிகள் வீடு முழுக்க இருந்தன. எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. அவரோ துண்டு, குடை, சோப்புப் பெட்டி எதையும் விடவில்லை. யாருடையது எது என்று கேள்வியே வரக்கூடாது என்பது அவருடைய ராணுவச் சட்டமாம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஜே எழுத்தில் தொடங்கும் பெயர்களை ஞானஸ்நானத்தில் வைத்துவிட்டதால், தம்ளரில் மகனுக்கு ஜே போட்டு ஒரு புள்ளி, மகளுக்கு ஜே போட்டு இரண்டு புள்ளி. வந்த புதிதில் தெரியாமல் இரண்டு புள்ளித் தம்ளரில் காபி ஊற்றிக் குடித்துவிட்டேன். மாமியார் தம்ளரை வாங்கிக் கழுவி, துடைத்து, அதன் இடத்தில் கவிழ்த்துவிட்டு, எனக்கு வேறு தம்ளர் எடுத்துக் கொடுத்தார். என் பெயர் எம் எழுத்தில் தொடங்குகிறது. அந்த வீட்டில் எம் போட்ட பொருள் நான் கொண்டுபோன பாத்திரங்கள் மட்டும்தான். அவையும் பரணில் இருந்தன.

முன் அறையில் கண்ணாடிக் கதவு வைத்த தேக்கு அலமாரி ஒன்று உண்டு. புதுப்பெண்ணின் புடவைகளை அதில் அடுக்கலாம் என்று நினைத்துத் திறந்தேன். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை டிவி கேம் கேசட்டுகள். மாமனார் பிரான்சுக்குப் போய்வரும்போது வாங்கி வந்தவை, அங்கிருக்கும் சொந்தக்காரர்கள் லீவுக்கு வரும்போது கொண்டுவந்தவை, அட்டைப் பெட்டி கசங்காமல், பிரெஞ்சு எழுத்து வெளியே தெரிகிற மாதிரி, புத்தகம் போல நிறுத்தி வைத்திருந்தார்கள். சில பெட்டிகளின் முதுகில் சிவப்பு நகப்பாலிஷில் ஜே ஒன், ஒரு கூட்டல் குறி, ஜே டூ. பொட்டானிக்கல் கார்டன் மரங்களில் ஜோடிகள் ஆணியால் கீறி வைத்திருப்பார்கள் இல்லையா, பார்த்தவுடன் அதுதான் ஞாபகம் வந்தது. அண்ணனும் தங்கையும்தான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் கூட்டல் குறி கூட்டல் குறிதானே. அலமாரிக்குக் கீழே இரண்டு ரிமோட்டுகள். ஒன்றில் ஜே ஒன், இன்னொன்றில் ஜே டூ. தம்ளரில் புள்ளி வைத்த வீடு, இங்கே எண் போட்டிருக்கிறார்கள் என்று நான் புரிந்துகொண்டேன். வேறு எப்படிப் புரிந்துகொள்வது. டிவியைப் போட்டு ஆடும்போது திரையின் இந்த மூலையில் ஜே ஒன் என்றும் அந்த மூலையில் ஜே டூ என்றும் வேறு வரும். பிரான்சிலிருந்து வந்த பெட்டிக்கே இவர்கள் இரண்டு பேரின் பெயரும் தெரிந்திருக்கிறது, நான் எந்த மூலை என்று வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் கல்யாணம் முடிந்து சில மாதங்கள் நாத்தனார் அந்த வீட்டில் இருந்தாள். பிறகு அவளுக்கும் பிரான்சில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை அமைந்து போய்விட்டாள். அந்தச் சில மாதங்களில்தான் நான் அவர்கள் ஆடுவதைக் கிட்டத்தில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொடுக்கிறவர். பகல் முழுக்க யாராவது ஒருவரிடம் “இடது பக்கம் போங்க, மெதுவா, பயப்படாதீங்க” என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் வாயே திறக்க மாட்டார். என்னிடம் ஒரு நாளைக்குப் பேசுவது தந்தி அடிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். அதே மனிதர் தங்கை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தால் போதும், எங்கிருந்து வருமோ அத்தனை பேச்சு. “ஏய் குதி, குதின்றேன், பள்ளம் தெரில? கண்ண பீச்சுல விட்டுட்டு வந்தியா?” அவள் விடுவாளா. “நீ மொத மூஞ்சிய கழுவிட்டு வந்து ஆடு, தூக்கத்துல ஆடறான் பாரு இவன்.” அண்ணனை அவன் இவன் என்பாள். நான் “என்னங்க” என்று கூப்பிட்டால் திரும்பாத தலை, அவள் “டேய்” என்றால் சிரித்துக்கொண்டே திரும்பும்.

அதைவிட ஒன்று உண்டு. கேசட் சரியாக ஓடாவிட்டால் அதைக் கழற்றி, அடியில் இருக்கும் தகட்டில் வாயால் ஊத வேண்டும். அவர் ஊதுவார், ஓடாது. அவள் பிடுங்கி ஊதுவாள், ஓடிவிடும். அவர் ஊதி, அவள் ஊதி, திரும்ப அவர் ஊதி, ஒரு கேசட்டுக்குள் இரண்டு பேரின் மூச்சும் போகும். நான் வாழைப்பூ ஆய்ந்தபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் மாமியார் என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். “அதுங்க ரெண்டும் ஒரே மூச்சுல வளந்ததுங்க. நீ ஏம்மா அதப் போயி பாத்துக்கிட்டு, பூவப் பாரு, கள்ளன எடுக்காம போடற” என்றார். வாழைப்பூவில் கள்ளன் என்பது வேகாத நரம்பு. அதை எடுத்துவிடலாம். மனதில் இருந்ததை எடுக்க வரவில்லை.

நாத்தனார் பிரான்சுக்குப் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தோம், நல்ல மழை. அவர் தானாகவே எழுந்து பெட்டியை எடுத்து வயர்களைச் செருகினார். கேசட்டை ஊதினார். நான் வாசற்படியில் என் வழக்கமான இடத்தில் நின்றேன். அவர் ஜே ஒன் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதை என் பக்கம் நீட்டினார். முகத்தில் ஒரு கூச்சம். பேசத் தெரியாதவர் பேச முயன்றால் வருமே, அது.

“வா, குந்து. இனிமே நீதான் ஜே டூ.”

இப்போது யோசித்தால், ஒரு ஆண் தன் பெண்டாட்டியிடம் இதைவிட நல்ல வார்த்தை எதைச் சொல்லிவிட முடியும் என்று தோன்றுகிறது. அன்றைக்கு என் காதில் விழுந்தது வேறு. தங்கை போய்விட்டாள், அவள் பெயர் போட்ட ரிமோட்டை நீ பிடி, அவள் பெயரிலேயே உட்கார், இனிமேல் நீதான் அவள். தம்ளரில்கூட எனக்கு ஒரு எம் வெட்டித் தராத வீட்டில் இப்போது என் பெயரையே மாற்றப் பார்க்கிறாரே என்று சுருக்கென்றது. “உங்க தங்கச்சி எடத்துக்கு ஆளு தேடறீங்களா? நான் யாருக்கும் பதிலாளு கெடயாது” என்றேன். அவர் நீட்டிய கையை இறக்கினார். “கேம்தானம்மா” என்றார். பிறகு அந்த ரிமோட்டின் வயரை மெதுவாகச் சுற்றி அலமாரிக்குக் கீழே வைத்துவிட்டுத் தனியாக ஆடினார். திட்டுவதற்கு ஆள் இல்லாததால் வாயும் திறக்கவில்லை. பள்ளம் வந்தது, விழுந்தார், எழுந்து பெட்டியை அணைத்தார். எனக்கு டிவி கேம் பிடிக்காது என்று முடிவு செய்துகொண்டார். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னைக் கூப்பிடவில்லை.

நாத்தனார் வருடா வருடம் ஜூலை, ஆகஸ்டில் வருவாள். அதை அந்த வீட்டில் லீவு என்று சொல்ல மாட்டார்கள், வக்கான்ஸ் என்பார்கள். வக்கான்ஸ் வருகிறது என்றால் என் வீட்டுக்காரர் ஒரு வாரம் முன்னாலேயே அலமாரியைத் துடைக்கச் சொல்வார். துடைப்பது நான். ஒவ்வொரு கேசட்டையும் எடுத்து, துணியால் துடைத்து, எழுத்து தெரிகிற மாதிரி திருப்பி வைப்பேன். எந்தப் பெட்டி எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். அதில் என்ன ஆட்டம் இருக்கிறது என்று மட்டும் தெரியாது. அவள் வந்து இறங்கி, “சவா அண்ணி?” என்று பிரெஞ்சில் நலம் கேட்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பாள். சோப்பு, சாக்லேட், எனக்கென்று ஒரு கைப்பை, மாமியாருக்கு முழங்கால் வலிக்குத் தைலம் எல்லாம் பெட்டியிலிருந்து வரும். எல்லாவற்றுக்கும் அடியில், உடைகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றி, அண்ணனுக்கு ஒரு புதிய கேசட் இருக்கும். கைப்பை நல்ல கைப்பைதான். ஆனால் அவள் அதைக் கொடுத்த கைக்கும் கேசட்டை எடுத்த கைக்கும் உள்ள வித்தியாசத்தை என் கண் எண்ணிக்கொண்டே இருக்கும்.

இதில் இன்னும் கஷ்டம், அவள் நல்லவள். பூத்தில் உட்கார்ந்து எத்தனையோ நாத்தனார் கதை கேட்டிருக்கிறேன். குறை சொல்ல ஒரு பிடி கிடைக்காத நாத்தனாரைப் போல் ஒரு தொல்லை கிடையாது. நான் வறுத்த வஞ்சிரத்தைச் சாப்பிட்டுவிட்டு, “அண்ணி, அங்க மீனுக்கு மீன் வாசனையே இல்ல. உங்க கையத்தான் பார்சல் பண்ணிக்கிட்டுப் போவணும்” என்பாள். நான் உருகிப்போய் அடுத்த துண்டை எடுத்துவரப் போவேன். திரும்பி வருவதற்குள் இரண்டு பேரும் பாயில். “டேய், குதி.” எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு. தட்டில் மீன் ஆறும்.

மாமனாரின் வீட்டைப் பெரியப்பா வகையறாவோடு பாகம் பிரித்ததில், எங்களுக்கு ரெட்டியார்பாளையத்தில் ஒரு சின்ன வீடு வாங்குகிற மாதிரி ஆயிற்று. இரண்டு அறை, ஒரு கூடம். தேக்கு அலமாரி அந்த வாசலில் நுழையவே நுழையாது. நான் முதலில் அளந்து பார்த்தது அதைத்தான். உள்ளுக்குள் ஒரு குதூகலம். அலமாரி போனால் கேசட் போகும், கேசட் போனால் ஜே டூ போகும். “இதையெல்லாம் யாருக்காச்சும் குடுத்துடலாமே” என்று சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டேன். அவர் யோசித்தார். “பாப்பா வரட்டும். அவ சொன்னா குடுத்துடலாம்” என்றார். தங்கை அவருக்கு எப்போதும் பாப்பாதான். என் வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போக பிரான்சிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த வருடம் வக்கான்ஸ் வருவதற்குள் அவளோடு என்னென்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தே எனக்குத் தொண்டை கட்டியது.

ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. வந்த மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். இரண்டு கேசட்டை எடுத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், வைத்தாள். “குடுத்துடுண்ணா. ஆடறவங்க யாருக்காச்சும் குடு, சும்மா வாங்கி வச்சிக்கறவங்களுக்குக் குடுக்காத” என்றாள். அவ்வளவுதான். வெங்காயத் தோலை உதறுவது போல. எனக்கு மகிழ்ச்சி வரவேண்டும், வந்தது கோபம். வருடக் கணக்காக நான் துடைத்த கேசட், நான் பூச்சி உருண்டை போட்ட அலமாரி, மழைக்காலத்தில் ஈரம் ஏறாமல் நான் இளவெயிலில் காய வைத்த அட்டைப் பெட்டிகள். இவள் காபி ஆறுவதற்குள் விட்டுவிடுகிறாள். அவளிடம் இருந்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள், அவள் விடுகிற லாவகத்தைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

சமையலறையில் கேட்டேவிட்டேன், ஒன்று ரெண்டாவது அங்கே எடுத்துக்கொண்டு போகக் கூடாதா என்று. அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். “அங்க எதுக்கு அண்ணி. பக்கத்துல திட்ட ஆளு இருந்தாத்தான் அது கேம். இல்லாட்டி வெறும் பொட்டி” என்றாள். துருவுவதை நிறுத்திவிட்டு, “நீங்க வருசம் பூரா அண்ணன் பக்கத்துல இருக்கீங்க. எனக்கு வக்கான்ஸ் மட்டும்தான். ஒங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் வயிறு எரியும், தெரியுமா?” என்று சிரித்தாள். சிரிப்புக்குள் நிஜம் இருந்தது. அந்த நேரத்தில் நான் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். தேங்காய் போதும் என்று மட்டும் சொன்னேன். எனக்கு இருக்கிறது என்று அவள் நினைத்து எரிந்துகொண்டிருந்த அந்த இடத்தில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது.

அவள் திரும்பிப் போனபின், என் வீட்டுக்காரரிடம் கார் கற்றுக்கொண்ட ஒரு பையன் கேம் பைத்தியம் என்று தெரிந்து அவனுக்கே கொடுப்பதாக ஆனது. அவனும் நாங்கள் குடிபோகவிருந்த ரெட்டியார்பாளையம்தான். புதிதாகக் கல்யாணம் ஆனவன், மனைவியையும் வண்டியில் வைத்துக்கொண்டு வந்தான். அந்தப் பெண் தலையில் மல்லிகை, கையில் இன்னும் சிவப்பு போகாத மருதாணி. ஓடுகிறதா என்று ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்லிப் பெட்டியை இணைத்தார். பையன் ஜே ஒன் ரிமோட்டை எடுத்தான். நான் அந்தப் பெண்ணுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். அவள் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. புடவையைக் கால் முட்டிக்கு அடியில் செருகி, புருஷன் பக்கத்தில் தரையில் சட்டென்று உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமல், யாரையும் கேட்காமல், ஜே டூவை எடுத்துக்கொண்டாள்.

என் கையில் அவளுக்காகக் கொண்டுவந்த மோர் இருந்தது. அவள் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, “சார், இது லெஃப்ட் பட்டன் மாட்டிக்குது” என்றாள். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து நாத்தனார் பிற்பாடு கொண்டுவந்த வேறு ஒரு ரிமோட்டை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பழையதை அவள் தரையில் ஓரமாகத் தள்ளிவிட்டாள். திரையில் ஆட்டம் வந்தது. இந்த மூலையில் ஜே ஒன், அந்த மூலையில் ஜே டூ.

எனக்குப் புரியவில்லை. நாத்தனார் கடல் கடந்து இருக்கிறாள், அவள் எழுதிய ரிமோட் தரையில் கிடக்கிறது, பெட்டி இன்னும் அவள் பெயரைச் சொல்கிறதே. குனிந்து அந்தப் பெண்ணிடம், “ஏம்மா, ஒம் பேரும் ஜேவுலயா ஆரம்பிக்குது?” என்று கேட்டேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இல்லக்கா, ஏன்?” என்றாள்.

“பின்ன ஜே டூன்னு போட்டிருக்குது?”

“ஐயோ அக்கா, அது பேரு இல்ல. ஜேன்னா ழுவேர். பிரெஞ்சுல ஆடறவங்கன்னு அர்த்தம். ஸ்கூல்ல படிச்சிருக்கேன். யாரு குந்துனாலும் ரெண்டாவதா ஆடறவங்க ஜே டூதான்.” இதைச் சொல்லி முடிப்பதற்குள் புருஷனை முழங்கையால் இடித்து, “பாரு, பாரு, பள்ளம்” என்று கத்தி, இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். விழுந்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு.

எங்களுக்குப் பின்னால் கேசட்டுகளை அட்டைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். டேப் இழுக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் மோர் குடித்து, நன்றி சொல்லி, ஒரு ஆட்டோ பிடித்து அத்தனை பெட்டியையும் ஏற்றி, அந்தப் பெண் ஒரு பெட்டியை மடியில் குழந்தை போல வைத்துக்கொண்டு கிளம்புகிற வரைக்கும் அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஆட்டோ திரும்பிய பிறகு அவர் கேட்டார், ஜே டூ என்றால் என்னவென்று நினைத்துக்கொண்டிருந்தாய் என்று. தம்ளர், இரண்டு புள்ளி, பாப்பாவின் பெயர், எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவருக்குச் சிரிப்பு வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு நொடியில் அது நின்றுபோய், அந்த மழை ஞாயிற்றுக்கிழமை முகத்தில் வந்தது.

“அன்னிக்கு நான் ஒன்னத்தாண்டி கூப்ட்டேன்” என்றார்.

வாசலில் இறங்கி வண்டிச் சாவியை எடுத்தார், போய் அதைத் திரும்ப வாங்கி வந்துவிடுவதாக. வேண்டாம் என்றேன். கொடுத்தாயிற்று, அந்தப் பெண் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா என்றேன். பெரிய மனசு என்று அவர் நினைத்திருப்பார். எனக்கு இருந்த பயம் வேறு. திரும்ப வாங்கினால் ஏன் என்று பிரான்சிலிருந்து கேள்வி வரும். “பாப்பாகிட்ட மட்டும் இதச் சொல்லாதீங்க” என்றேன். தலையை ஆட்டினார். வெறும் தரையில் அந்த இடது பொத்தான் மாட்டுகிற ரிமோட் மட்டும் கிடந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அடுத்த வக்கான்ஸில் நாத்தனார் வந்தாள். சோப்பு, சாக்லேட், மாமியாருக்குத் தைலம். எனக்குக் கைப்பை இல்லை. ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தைக் கையில் வைத்து அழுத்தினாள். பிரித்தால் சிவப்பு நகப்பாலிஷ். கண்ணைச் சிமிட்டினாள். நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் அந்த நேரம் பார்த்து பால் வாங்கப் போயிருந்தார். அவள் பதில் எதிர்பார்க்காமல் குளிக்கப் போய்விட்டாள். நான் பொட்டலத்தோடு நின்றேன். அவளிடம் சொல்லாமல் அவருக்கு ஒரு விஷயம் தொண்டையில் இறங்காது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எரிந்தது. ஆனால் பாலிஷ் நல்ல நிறம். அன்று மதியமே தேய்ந்து போயிருந்த எழுத்தின் மேல் நானே இழுத்தேன், ஒரு ஜே, ஒரு இரண்டு. பிரஷ் கொஞ்சம் வழுக்கியதில் இரண்டின் வால் நீண்டுவிட்டது. நீளட்டும், என் கையெழுத்து.

அர்த்தம் தெரிந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எங்களுக்குப் பெண் பிறந்தபோது அவர் தயங்கித் தயங்கி ஜே எழுத்தில் ஒரு பெயர் சொன்னார். நான் எம் எழுத்தில் பிடிவாதமாக நின்று ஞானஸ்நானம் கொடுத்தேன். நாத்தனார் மேல் இருந்த எரிச்சல் வயதோடு தணிந்து, இப்போது போனில் முகம் பார்த்துப் பேசினால் இரண்டு பேருக்கும் அழுகை வருகிறது. அந்த இடத்துக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். மார்க்கெட்டுக்குப் போகிற வழியில்தான் கேசட் வாங்கிப்போன அந்தப் பையன் வீடு. அவர்களுக்கும் பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். இன்றைக்கும் சில சாயங்காலம் ஜன்னலிலிருந்து அந்தப் பழைய பெட்டியின் டிங் டிங் சத்தமும் “பள்ளம், பள்ளம்” என்கிற குரலும் வரும். கத்தரிக்காய்ப் பையோடு ஒரு நிமிடம் மெதுவாக நடப்பேன். கூப்பிடாமலே உட்கார்ந்தவள் அவள். என்னைக் கூப்பிட்டும் நான் நின்றேன்.

போன வாரம் சாயங்காலம் என் வீட்டுக்காரர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். மெழுகுவர்த்தி தேடி இழுப்பறையைத் திறந்தவள், ரப்பர் பேண்டைக் கழற்றி அந்த ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, சோபாவை விட்டுவிட்டுத் தரையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வயர் எதிலும் செருகவில்லை, முந்தானை மேல் கிடந்தது. திரையில் யாரோ மந்திரி நடந்து போய்க்கொண்டிருந்தார். நான் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“இடது பக்கம் போ” என்றார்.

“இடது பக்கம் போவாது. மாட்டிக்கும்.”

“அப்ப குதி.”

குதித்தேன். மந்திரி எதையோ தாண்டிக் காரில் ஏறினார். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் சத்தம் கேட்டு வந்தாள். எட்டிப் பார்த்தாள், என்ன இது, எனக்கு என்று கையை நீட்டிக்கொண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நுழையப் பார்த்தாள். நான் நகரவில்லை.

“அந்தப் பக்கம் குந்து” என்றேன்.